இடது கை போட்ட கோடுகள்

எங்கள் கிளப்பில் யாருக்காவது ஒரு பழைய போட்டித் துப்பாக்கி கிடைத்தால், அதை முதலில் டாக்டர் நடீன் ஹாஸ்க்யூவிடம்தான் கொண்டு போவார்கள். நடீன் பல் டாக்டர். ஓய்வு பெற்றுவிட்டார் என்றாலும், பல் பார்த்த காலத்துச் சின்ன வளைந்த கண்ணாடியும், சுவரில் செருகி நெற்றியில் மாட்டும் விளக்கும் இன்னும் அவர் கைப்பையில்தான் இருக்கின்றன. துப்பாக்கியைப் பிரித்து ஒரு வெள்ளைத் துணியில் பரப்பி, அந்தக் கண்ணாடியை உள்ளே விட்டுத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். கடைசியில், "இது டாட்ஜ் சிட்டியில செஞ்சது", "இது ராணுவப் பட்டறை வேலை, ஆனா குழல அப்புறம் யாரோ மாத்தியிருக்காங்க" என்று சொல்வார். அவர் சொன்னால் எங்கள் ஓக்லஹோமாவில் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள்.

கம்பெனியிலிருந்து வரும் கைத்துப்பாக்கி ஐம்பது கஜத்தில் தோசைக்கல் அளவு இடத்தில் சுட்டாலே பெரிய விஷயம். போட்டிக்காரர்களுக்கு அது போதாது. அந்தக் காலத்தில் அதற்கென்றே கைதேர்ந்தவர்கள் இருந்தார்கள். துப்பாக்கியை வாங்கி, அக்கக்காகப் பிரித்து, தளர்ந்த இடத்தைத் தட்டி இறுக்கி, குழலைப் புதிதாகப் பொருத்தி, விசையை முடி அளவு முடி அளவாகத் தேய்த்து, வழுக்காமல் இருக்கப் பிடியின் முன்பக்கத்தில் அரத்தால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டுத் தருவார்கள். அதற்குப் பிறகு அதே துப்பாக்கி ஒரு ஆரஞ்சுப் பழத்தின் அளவுக்குள் சுடும். ஒவ்வொருவர் வேலையும் ஒவ்வொரு மாதிரி இருக்கும்.

அப்படிப்பட்டவர்களில் எங்கள் பக்கம் பெரிய பெயர் எம்மெட் வாரிக். டெக்சஸில் கடை வைத்திருந்தார். இப்போது உயிரோடு இல்லை. நடீன் இளம் வயதில் தேசியப் போட்டிக்கு எடுத்துப்போன துப்பாக்கி அவர் செய்து கொடுத்தது. நடீனின் உள்ளங்கையை மெழுகில் அச்செடுத்து, அதற்கேற்ப வாதுமைக் கட்டையைச் செதுக்கிப் பிடி போட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகு நடீன் வேறு துப்பாக்கியில் போட்டிக்குச் சுட்டதே கிடையாது.

ராய்ஸ் டிட்மோரிடமும் ஒரு வாரிக் இருந்தது. ராய்ஸும் நானும் ஒரே பள்ளிக்கூடம். வைக்கோல் கட்டும் இயந்திரங்கள் விற்று நன்றாகச் சம்பாதித்தவன். ஊருக்கு மேற்கே கோதுமை வயல்களுக்கு நடுவில் வீடு கட்டியபோது, வீட்டு நடுவில் கான்கிரீட்டில் ஓர் அறை எழுப்பி, இரும்புக் கதவு போட்டு, பழைய போட்டித் துப்பாக்கிகளையெல்லாம் அதற்குள் அடுக்கி வைத்திருந்தான். சூறாவளி வந்தால் ஒதுங்கவும் அதே அறைதான். எங்கள் மாநிலச் சங்கம் ஜூன் மாதத்தில் ஒரு கண்காட்சி வைப்பதாக இருந்தது. அதில் ராய்ஸின் வாரிக்தான் நடுநாயகம் என்று எல்லாருக்கும் தெரியும். ஏனென்றால் அவனே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

மே மாதத்தில் ஒரு நாள் பிற்பகல் நடீனைக் கூப்பிட்டான்.

"டாக்டர், கண்காட்சிக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவ பிரிச்சுப் பாத்துச் சொல்லிடுங்க. உங்களோடதையும் எடுத்துட்டு வாங்க, பக்கத்துல வச்சுப் பாக்கலாம். கார்லா பீச் பழத்துல சூடா காப்ளர் செய்யறா."

"காப்ளருக்காக வரேன்னு வச்சுக்கோ," என்றார் நடீன்.

போனபோதே வெயில் ஒரு மாதிரி மஞ்சளாக இருந்தது. காற்றே இல்லை. கார்லா, ராய்ஸின் மனைவி, சமையலறைத் தொலைக்காட்சியைச் சத்தம் குறைத்து ஓடவிட்டிருந்தாள். வானிலைக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வரைபடத்துக்கு முன்னால் நின்றிருந்தார். அவர் சட்டைக் கையை மடித்தால் எங்கள் ஊரில் எல்லாரும் ஓடி ஒதுங்கச் செருப்பைத் தேட ஆரம்பிப்பார்கள்.

அந்தக் கான்கிரீட் அறையில் ஒரு மேசை போட்டிருந்தது. நடீன் வெள்ளைத் துணியை விரித்து, இரண்டு துப்பாக்கிகளையும் பிரித்து அருகருகே வைத்தார். ராய்ஸ் கதவுக்கு வெளியே நிலையில் சாய்ந்து நின்றான். உள்ளே வரவில்லை.

பிடிக்கட்டைக்கு அடியில், இடது பக்கத்தில், வாரிக் கடையின் முத்திரை இருந்தது. அது போலியல்ல. அதே முத்திரை நடீனுடையதிலும் அதே இடத்தில் இருந்தது. சாதாரணமாகப் பார்க்கிறவர்கள் அத்தோடு முடித்துக்கொள்வார்கள். நடீன் விளக்கை ஏற்றிக்கொண்டு உள்ளே பார்த்தார்.

 வாரிக் பெரிய கைதான். ஆனால் கண்ணில் படாத இடங்களைப் பற்றி அவர் கவலைப்பட்டதில்லை. கட்டைக்கு அடியில், மேலே முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடுக்கு உள்ளே, விசை ஓடும் பள்ளத்தில் எல்லாம் அரத்தின் சொரசொரப்பை அப்படியே விட்டுவிடுவார். நடீனின் துப்பாக்கியிலும் அப்படித்தான். இதிலோ, யாரும் எப்போதும் பார்க்கப்போகாத விளிம்புகள்கூட நகம் பட்டால் வழுக்கும்படி உருட்டி விடப்பட்டிருந்தன. முன்பிடியின் கோடுகளை விளக்கில் சாய்த்துப் பார்த்தார். ஒவ்வொரு கோடும் ஓடி முடியும் இடத்தில் மயிரிழை ஆழம் கூடியிருந்தது. வாரிக் துப்பாக்கியில் அந்த ஆழம் எந்தப் பக்கம் இருக்குமோ, அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில்.

நடீனோடு ஒரே மருத்துவமனையில் பல வருடம் வேலை பார்த்த ஒரு டாக்டர் இடதுகைக்காரர். அவர் துளைத்து அடைத்த பல்லை, யார் வாயில் பார்த்தாலும் நடீன் கண்டுபிடித்துவிடுவார். இதுவும் அப்படித்தான்.

"என்ன டாக்டர்?" என்றான் ராய்ஸ். "வாரிக்தானே?"

நடீன் நெற்றி விளக்கைக் கழற்றி வைத்தார். ஆமாம் என்றால் பொய். முத்திரை இருப்பதால் முழுப் பொய்யும் அல்ல. இல்லை என்றால், ஊரெல்லாம் சொல்லி வைத்திருப்பவனின் முகத்தில் அடித்ததுபோல. காப்ளர் சாப்பிட வந்த இடத்தில் இப்படி மாட்டிக்கொண்டோமே என்று அவருக்கு எரிச்சலாக வந்தது.

"கொஞ்சம் பொறு," என்று சொல்லி, துண்டுகளை ஒவ்வொன்றாகப் பூட்ட ஆரம்பித்தார். கைக்கு வேலை இருந்தால் வாய்க்கு வேலை வராது.

இரண்டையும் பூட்டி முடித்தபோது ஊரின் சூறாவளிச் சைரன் ஊதியது.

கார்லா ஓடி வந்தாள். "ரெண்டு மைல்ல இருக்குதாம். நம்ம ரோட்டப் பிடிச்சுத்தான் வருது. உள்ள போ, ராய்ஸ்!"

ராய்ஸ் நகரவில்லை. நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நீங்க ரெண்டு பேரும் இருங்க. நான் குளியலறைத் தொட்டில படுத்துக்கறேன்."

"உனக்குப் பைத்தியமா? இந்த அறையக் கட்டினதே நீதானே?"

"கதவு தெறந்திருந்தா நிப்பேன் கார்லா. சாத்தினா என்னால முடியாது."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அது கார்லாவுக்குத் தெரியாது. அவன் அந்த அறைக்குள் ஒருநாளும் கதவைச் சாத்தி நின்றதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. யோசிக்க நேரமில்லை. சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். நடீன் கதவைச் சாத்தி, அதன் பூட்டுச் சக்கரத்தைச் சுற்றினார்.

முதலில் காது அடைத்தது. பிறகு விளக்கு போயிற்று. பிறகு வந்த சத்தத்தைப் பற்றி மூன்று பேரும் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். சரக்கு ரயில் மாதிரி என்று கார்லா சொல்கிறாள். யாரோ வீட்டை வேரோடு பிடுங்கிய மாதிரி என்கிறார் நடீன். ராய்ஸுக்கு எதுவும் ஞாபகமில்லை. தரையில் சுருண்டு தலையைக் கைகளால் மூடிக்கொண்டிருந்தான்.

சத்தம் போனது. மழை மட்டும் கேட்டது.

கார்லா கைபேசியின் விளக்கைப் போட்டாள். சிக்னல் துளியும் இல்லை. சக்கரத்தைச் சுற்றினாள். பூட்டு விலகியது. மூன்று பேரும் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். கதவு ஒரு விரல் அளவு வெளியே நகர்ந்து, எதிலோ இடித்து நின்றது. அந்த இடைவெளி வழியாகச் செங்கல் புழுதி வாசமும் சேற்றுத் தண்ணீரும் உள்ளே வந்தன. இழுத்து மூடப் பார்த்தார்கள். இடுக்கில் ஏதோ சிக்கிக்கொண்டது. மூடவும் முடியவில்லை.

"கணப்புச் சுவர் இடிஞ்சு கதவு மேல விழுந்திருக்கு," என்றாள் கார்லா. "உள்பக்கமாத் திறக்கற கதவு போடுங்கன்னு மாட்ட வந்த ஆள் தலைதலையா அடிச்சுக்கிட்டான். 'இன்னொரு அலமாரிக்கு இடம் போயிடும்'னு சொன்னது யாரு?"

 ராய்ஸின் மூச்சு நாய் இரைப்பதுபோல வந்தது. எழுந்துபோய்க் கதவை முட்டினான். மறுபடி முட்டினான். நெற்றியில் ரத்தம் வந்தது.

"ராய்ஸ்," என்றார் நடீன். பல் நாற்காலியில் உட்கார்ந்து நடுங்குகிறவர்களிடம் பேசும் குரல் அது. "இங்க வந்து உக்காரு. உன் கடைவாய்ப்பல்லப் பிடுங்கினப்பகூட நீ இவ்வளவு ஆட்டம் ஆடல. கால் விரல ஆட்டு. ரெண்டு காலும். அதையே கவனி. மூக்கால மூச்சு விடு."

"காத்து வருதா டாக்டர்? காத்து வரலியே."

"மேல குழாய் இருக்கு பாரு. அதுல வருது. விரல ஆட்டு."

சுவரின் உச்சியில், காற்றுக்காக ஓர் இரும்புக் குழாய் வெளியே போயிருந்தது. கை முஷ்டி நுழையலாம், அவ்வளவுதான். கார்லா மேசைமேல் ஏறி அதில் வாயை வைத்துக் கத்திப் பார்த்தாள். குரல் திரும்பி அவள் முகத்திலேயே அடித்தது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. யார் காதில் விழப்போகிறது?

தண்ணீர் கணுக்காலைத் தொட்டது. மே மாதம் என்றாலும் ஐஸ் மாதிரி இருந்தது. கார்லா கீழ் அலமாரித் துப்பாக்கிகளை எடுத்து மேலே வைத்தாள். ராய்ஸை மேசைமேல் ஏற்றி உட்காரவைத்து, இரு பெண்களும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தார்கள். கைபேசியின் உயிர் போய்விடும் என்று விளக்கை அணைத்தார்கள். இருட்டு வந்ததும் ராய்ஸ் மறுபடி இரைக்க ஆரம்பித்தான். சுவர் நகர்ந்து வருகிறது என்றான்.

"ஏதாவது பேசுங்க நடீன்," என்றாள் கார்லா. "எதையாவது பேசுங்க. இல்லாட்டி இவன் என்னையும் பைத்தியமாக்கிடுவான்."

இந்த மனிதனைப் பிடித்து நிறுத்த ஒரே ஒரு பேச்சுத்தான் உண்டு என்று நடீனுக்குத் தெரிந்தது. அதைத்தான் அவர் இவ்வளவு நேரம் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார்.

"ராய்ஸ், உன் துப்பாக்கி பத்திச் சொல்றேன். கேக்கறியா?"

இரைப்பு கொஞ்சம் நின்றது. "சொல்லுங்க."

"அது வாரிக் செஞ்சது இல்ல."

நடீன் நிறுத்தாமல் தொடர்ந்தார்.

"முத்திர இருக்கு. அந்தக் கடையிலேர்ந்துதான் வந்திருக்கு. ஆனா வாரிக் கை அதுல படல."

"கொஞ்சங்கூடவா?" ராய்ஸின் குரல் வேறு மாதிரி இருந்தது. "கடைசியா விசைய மட்டும் அவர் சரிபண்ணியிருக்கலாம் இல்லையா? மேல் வேலைய அவர் முடிச்சுக் குடுத்திருக்கலாம்?"

"இல்ல. ஆரம்பத்துலேர்ந்து முடிவு வரைக்கும் ஒரே கை. யாரு அரத்தப் பிடிச்சாரோ அவரே எல்லாத்தையும் முடிச்சிருக்கார். இடதுகைக்காரர். கட்டைக்கு அடியில, எவனும் பாக்காத எடத்துல, வழவழன்னு வச்சிருக்கார். வாரிக்குக்கு அவ்வளவு பொறும கிடையாது ராய்ஸ். என்னோடது வாரிக் செஞ்சதுதான், உள்ள திறந்து பாத்தியா? சந்தைக்குப் போற அவசரத்துல வீட்டப் பெருக்கின மாதிரி இருக்கும். வாரிக்கால உன்னோடத செஞ்சிருக்க முடியாது."

ராய்ஸ் அழுதான். பயத்தில் வருகிற அழுகை இல்லை என்று கார்லாவுக்குத் தெரிந்தது. தடவிப் பார்த்து அவன் கையைப் பிடித்தாள்.

"லைல்," என்றான். "எங்கண்ணன் லைல் செஞ்சது."

லைல் டிட்மோர் வாலிபத்தில் வாரிக் கடையில் வேலை பார்த்தவர். ராய்ஸ் முதல்முறை தேசியப் போட்டிக்குப் போனபோது தம்பிக்காக அந்தத் துப்பாக்கியைச் செய்தார். முழுக்க நான் செய்தேன் என்று லைல் சொன்னார். மேல் வேலையை நான்தான் முடித்தேன், பையனுக்கு இன்னும் அந்த அளவு கை வரவில்லை என்று வாரிக் சொன்னார். ராய்ஸுக்கு யாரை நம்புவது என்று தெரியவில்லை. அவ்வளவு நன்றாகச் சுடும் துப்பாக்கியைத் தன் அண்ணன் செய்திருக்க முடியும் என்று தோன்றவும் இல்லை. லைல்தானே, சின்ன வயதில் கோழிக்கூட்டுக் கதவைக்கூடத் தலைகீழாக மாட்டியவன். வாரிக் சொன்னதையே எடுத்துக்கொண்டான். ஒரு நன்றியறிதல் பண்டிகை விருந்தில், உறவுக்காரர்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்க, துப்பாக்கியைக் கொண்டுவந்து காட்டி, "இது வாரிக்" என்றான். லைல் வான்கோழித் தட்டைக் கீழே வைத்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கடை வேலையையும் விட்டுவிட்டு அமரில்லோ ஊரில் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு அண்ணனும் தம்பியும் சாவு வீடுகளில் மட்டும் பார்த்துக்கொண்டார்கள்.

"உங்க கண்ணுக்குத் தெரிஞ்சிடும்னுதான் கூப்பிட்டேன்," என்றான் ராய்ஸ். "வாரிக்னு நீங்க சொல்லிட்டா, சரி, நான் தப்பு பண்ணலன்னு இருந்திடலாம்னு. இல்லேன்னு சொல்லிட்டா…"

"சொல்லிட்டா?"

"அது வரைக்கும் யோசிக்கல."

"நீ கதவக்கூட அப்படித்தான் வாங்கின," என்றாள் கார்லா. ஆனால் பிடித்த கையை விடவில்லை.

எவ்வளவு நேரம் போயிற்று என்று தெரியாது. தண்ணீர் ஏறுவது நின்றிருந்தது. மழைச் சத்தம் குறைந்து, குழாய் வழியாக எங்கோ தொலைவில் மரம் அறுக்கும் இயந்திரத்தின் இரைச்சல் கேட்டது. கார்லா பாய்ந்து எழுந்து கத்தினாள். இரைச்சல் நிற்கவில்லை. கதவைக் கையால் குத்தினாள். கான்கிரீட்டுக்குள் அந்தச் சத்தம் செத்தது.

"சுட்டா கேக்கும்," என்றார் நடீன். "தோட்டா எங்க வச்சிருக்க?"

ராய்ஸ் கசப்பாகச் சிரித்தான். "கொட்டகையில. வீட்டுக்குள்ள ஒரு தோட்டா இருக்கக்கூடாதுங்கறது கார்லாவோட சட்டம்."

"பேரக்கொழந்தைங்க வர்ற வீடு," என்றாள் கார்லா. "அதுக்கு இப்ப என்னக் குத்தம் சொல்லாத."

ஆக, சுவர் நிறையத் துப்பாக்கி இருந்தும் சுட ஒரு தோட்டா இல்லை. அந்தக் குழாயை ஏதாவது இரும்பால் அடித்தால்தான் வெளியே கேட்கும். நாற்காலி அலுமினியம், ஒரே அடியில் வளைந்தது. அலமாரி மரம். சுத்தியல், ஸ்பானர் எல்லாம் கொட்டகையில். அந்த அறையில் நல்ல கனமான எஃகு என்றால் துப்பாக்கிகள்தான்.

"ஏதாவது ஒண்ண எடுத்து அடி," என்றாள் கார்லா. "கண்காட்சிக்காக நான் இங்க சாகறதா இல்ல."

ராய்ஸ் விளக்கைப் பிடித்துக்கொண்டு அலமாரிக்கு முன்னால் நின்றான். ஒன்றை எடுத்தான், வைத்தான். இன்னொன்றை எடுத்தான். ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்தது. அவன் கை கடைசியில் லைலின் துப்பாக்கியிடம் போய், சூடு பட்டதுபோலத் திரும்பியது.

பின்னால் டங் என்று ஒரு சத்தம்.

நடீன் மேசைமேல் ஏறியிருந்தார். தன் துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்து, பழக்கம் விடாமல் உள்ளே தோட்டா இல்லையே என்று பார்த்து, குழலைப் பிடித்துக்கொண்டு அடிப்பாகத்தால் குழாயை ஓங்கி அடித்தார். மூன்று அடி. நிறுத்தம். மூன்று அடி. வாரிக் அவர் கைக்கென்று செதுக்கிய வாதுமைக் கட்டை முதல் சில அடிகளிலேயே பிளந்து தண்ணீரில் விழுந்தது.

"டாக்டர்! அது உங்களோடது!"

"என்னோடதுங்கறதாலதான் அடிக்கறேன். வாரிக் செஞ்சது இன்னும் எத்தனையோ இருக்கு. ஒங்கண்ணன் செஞ்சது வேற எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது." மூச்சு வாங்கியது அவருக்கு. "நின்னு பாத்துக்கிட்டிருக்காம ஒரு கை குடு. எனக்கு எழுபது வயசு."

ராய்ஸ் மேசைமேல் ஏறினான். தன் சேகரிப்பில் அவன் மிகவும் பெருமைப்பட்ட, வெள்ளிபோல மின்னும் ஒரு துப்பாக்கியை எடுத்து அடிக்கத் தொடங்கினான். குறிபார்க்கும் தகடு பிய்த்துக்கொண்டு போய்ச் சுவரில் பட்டது. அவன் நிறுத்தவில்லை. இவர் ஓயும்போது அவன், அவன் ஓயும்போது கார்லா.

நான் எங்கள் ஊர்த் தன்னார்வத் தீயணைப்புப் படையில் இருக்கிறேன். டிட்மோர் வீடு இருந்த இடத்தை நாங்கள் ஒருமுறை கடந்து போய்விட்டோம். அங்கே வீடே இல்லை. கான்கிரீட் அறையையே மூடிக் கிடந்த செங்கல் குவியலும், முறுக்கிப் பிழிந்த தகரமும், கவிழ்ந்து கிடந்த ராய்ஸின் லாரியும்தான். காரையும் காணோம், அதனால் அவர்கள் காற்று வருவதற்கு முன்பே ஓடிவிட்டிருப்பார்கள் என்று நினைத்தோம். வழியில் விழுந்திருந்த மரத்தை அறுத்துக்கொண்டிருந்தபோது இயந்திரத்துக்கு எரிபொருள் ஊற்ற நிறுத்தினோம். அப்போது கேட்டது, டங் டங் டங் என்று. காற்றில் ஏதோ தகரம் ஆடுகிறது என்றான் ஒருவன். தகரம் எண்ணி எண்ணி ஆடாது.

செங்கற்களைக் கையால் அள்ளினோம். பக்கத்துப் பண்ணை டிராக்டர் வந்து கணப்புச் சுவரின் பெரிய துண்டை இழுத்துப் போட்டது. வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. கதவு திறந்ததும் ராய்ஸ் எங்களைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தான். யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. கோதுமை வயலுக்குள் ஓடினான். காற்றில் சாய்ந்து கிடந்த பயிருக்கு நடுவில் போய், வானத்தைப் பார்த்து மல்லாந்து படுத்துக்கொண்டான். மழை முகத்தில் விழுந்தது. வா என்று கூப்பிட்டதற்குக் கையை மட்டும் ஆட்டினான்.

நடீன் கார்லாவின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். திரும்பிப் பார்த்தார். எல்லாம் போன இடத்தில் அந்தக் கான்கிரீட் அறை மட்டும் நின்றது.

"பல்லெல்லாம் விழுந்த வாயில ஒத்தக் கடைவாய்ப்பல் மாதிரி," என்றார்.  அவருக்குப் போர்வை போர்த்தி உட்கார வைத்தோம். கையில் இருந்ததைக் கொடுக்கச் சொன்னோம். விரல்கள் விறைத்துப்போய் விரியவில்லை. நான்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தேன். அடிப்பாகம் நசுங்கி, தோட்டாப் பெட்டி செருகும் வாய் கோணி, பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது.

ராய்ஸ் மறுநாள் அமரில்லோவுக்குப் போன் செய்தான். கார்லாவின் தங்கை வீட்டுத் தோட்டத்தில் நின்றுகொண்டு பேசினான். வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. என்ன பேசினான் என்று யாருக்கும் முழுதாகத் தெரியாது. பாதியில் குரல் உடைந்து நின்றபோது, அந்தப் பக்கத்திலிருந்து, "ஜெனரேட்டர் இருக்கா உங்கிட்ட?" என்று மட்டும் லைல் கேட்டாராம்.

அந்த வாரக் கடைசியில் லைல் வந்தார். பழைய பிக்கப் வண்டி, பின்னால் ஜெனரேட்டர், இரண்டு பெட்டி ஐஸ். மெலிந்த, கூன் விழுந்த கிழவர். இடது கையால் எங்களுக்குக் கை கொடுத்தார். அன்றைக்கு நாங்கள் ஏழெட்டுப் பேர் இடிபாட்டை அள்ளிக்கொண்டிருந்தோம். கார்லா சீஸ் தடவிய பிமென்டோ சாண்ட்விச் கொடுத்துக்கொண்டிருந்தாள். அண்ணனும் தம்பியும் மிஞ்சிய வெறும் சிமெண்ட் தரையில், சமையலறை இருந்த இடத்தில், எதிரெதிரே நின்றார்கள். இரண்டு பேருக்கும் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ராய்ஸ் துணியில் சுற்றிய துப்பாக்கியை நீட்டினான். லைல் வாங்கி, ஸ்லைடை இழுத்துப் பார்த்து, காதருகே வைத்து விசையை ஒருமுறை அழுத்தினார்.

"எண்ணெய் போடாம வச்சிருக்க."

"லைல், அன்னிக்கு எல்லாருக்கும் முன்னாடி நான்…"

"விசை கொஞ்சம் கனம். அப்பவே தெரியும். நீ மறுநாள் போட்டிக்குக் கிளம்பறேன்னு உயிர எடுத்த." முன்பிடியின் கோடுகளைக் கட்டைவிரலால் தடவினார். "இது பரவால்ல."

"இந்தக் கோட்டப் பாத்துத்தான் கண்டுபிடிச்சேன்," என்றார் நடீன்.

லைல் அவரைப் பார்த்தார். முதல் தடவையாக அவர் முகம் கொஞ்சம் இளகியது. "வாரிக் பாத்தார். தப்புப் பக்கமா ஓடுதுன்னார்."

"சரியான பக்கமாத்தான் ஓடுது."

 லைல் அன்று பிற்பகல் முழுவதும் நடீனின் பக்கத்திலேயே நின்று செங்கல் அடுக்கினார். தம்பி கொடுத்த சாண்ட்விச்சை வாங்கிக்கொண்டார். தம்பி பேச வந்தபோதெல்லாம் கூரையைப் பற்றியும் காப்பீட்டுக்காரனைப் பற்றியும் பேசினார். விருந்துப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. ராய்ஸ் எடுத்தபோதும், "அத விடு, அந்தக் கம்பியப் பிடி" என்றார். ராய்ஸுக்கு அது போதவில்லை என்று பார்த்தவர்களுக்கே தெரிந்தது. மன்னித்தேன் என்று ஒரு வார்த்தை கேட்க அவன் ஏங்கினான். லைலிடம் அந்த வார்த்தை இருந்ததோ இல்லையோ, வாயிலிருந்து வரவில்லை. கிளம்பும்போது நடீனின் நசுங்கிய துப்பாக்கியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். பல மாதம் ஆயிற்று. நடீன் போன் செய்தால், "இன்னும் கொஞ்சம்" என்கிறார். நடீன் எங்கள் கிளப்பில் ஒரு சின்னத் துப்பாக்கியை இரவல் வாங்கிச் சுட்டு, வரிசையாகத் தோற்றுக்கொண்டிருக்கிறார். தோற்றதற்குத் துப்பாக்கியைத்தான் திட்டுகிறார்.

கண்காட்சி ஜூன் மாதமே நடந்தது. சங்கக் கட்டடத்தின் பின்னறையில்தான் இடம் கிடைத்தது. நுழைய ஒரே ஒரு வாசல், ஜன்னல் கிடையாது. நடுவில் கண்ணாடிப் பெட்டி. அட்டையில் 'லைல் டிட்மோர், வாரிக் கடையில் செய்தது' என்று எழுதியிருந்தது. லைல் வரவில்லை.

ராய்ஸ் வந்தான். ஆனால் உள்ளே போக முடியவில்லை. இரண்டு முறை கால் எடுத்து வைத்து, வியர்த்துப்போய்த் திரும்பினான். கதவைத் திறந்து கல் வைத்து நிறுத்தினோம், அப்படியும் முடியவில்லை. கடைசியில் வாசலிலேயே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டான். அன்று முழுவதும் உள்ளே போன ஒவ்வொருவரையும் நிறுத்தி, "நடுவுல இருக்கறது எங்கண்ணன் செஞ்சது. கிட்டப் போய்ப் பாருங்க" என்று சொல்லி அனுப்பினான். பார்த்துவிட்டு வந்தவர்களிடம், எப்படி இருந்தது என்று கேட்டான்.